கோட்டு வீட்டில் பொங்கிய பால்

துளசிராமால் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. பிளான் வரைகிறவன் உட்காராமல் எப்படி வரைவான் என்று கேட்பீர்கள். நின்றுகொண்டே வரைவான். அவனுடைய வரைபலகை மார்பு உயரத்துக்கு இருக்கும். ஒரு சுவரை வரைவான், வாசல் வரை போய்த் தெருவைப் பார்ப்பான், திரும்பி வந்து ஜன்னலை வரைவான். சாப்பிட உட்கார்ந்தாலும் சட்னிக்கு ஒரு தரம், தண்ணீருக்கு ஒரு தரம் எழுந்துவிடுவான். இப்படிப்பட்ட மனிதனுக்குத்தான் அவன் மச்சான் ஸ்ரீனிவாஸ் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார்.

சாதாரண நாற்காலி இல்லை. தவிட்டு நிற ரெக்சின் தைத்தது, கை வைத்தது, சுற்றுவது. விளக்குத்தூண் பக்கத்தில் இருந்த தன் ஜவுளிக்கடையில், பில் போடும் மேஜைக்குப் பின்னால் அதைப் போட்டு, மேலே ஒரு துண்டையும் போர்த்தி வைத்தார். யார் உட்காரப் போனாலும் ஒரே பதில்தான்.

"அது எங்க மாப்ளைக்கு. தை பொறந்ததும் வந்துருவாரு."

தொண்ணூற்று நான்காம் வருஷத்துக் கதை இது. ஆறு வருஷம் ஓர் எஞ்சினியர் ஆபீசில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்த துளசிராம், கல்யாணமான சூட்டோடு சூடாக வேலையை விட்டான். வில்லாபுரத்தில் ஒரு சைக்கிள் கடையின் பாதியை வாடகைக்குப் பிடித்து, 'ஸ்ரீ துளசி டிசைன்ஸ்' என்று போர்டு மாட்டினான். போர்டில் பெயருக்குக் கீழே ஒரே வரி: 'வீட்டு பிளான் வரைந்து தரப்படும்.' நெசவும் வியாபாரமும் உத்தியோகமுமாகக் காலம் காலமாகக் காலூன்றிய சௌராஷ்டிரக் குடும்பம். அதில் கையில் இருந்த வேலையை விட்டவன் இவன் ஒருத்தன்தான். பெண் கொடுத்த வீட்டில் சும்மா இருப்பார்களா? பேச்சு வார்த்தை நடந்தது. முடிவில், தை மாதம் வரைக்கும் கடையை நடத்திப் பார்ப்பது, தேறாவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் போய் அந்த நாற்காலியில் உட்காருவது என்று ஒப்பந்தமானது.

துளசிராமுக்கு அந்த நாற்காலி கனவில் வந்தது. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து பில் போடுவதை நினைத்தாலே அவனுக்குக் கால் குடைந்தது. நினைத்த மாத்திரத்தில் எழுந்து தெருமுனை வரை போய்விட்டு வருவான்.

"உக்காரவே இல்லாத மனுசனுக்கு உக்காரப் பயமாம்!" என்று சிரிப்பாள் அவன் மனைவி அலர்மேல்மங்கை. அவள் சிரித்தால் மூன்றாவது வீட்டில் கேட்கும்.

கடைக்கு ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள். ஆனால் பாதிப் பேர் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்கள். மீதிப் பேரில் சிலர் முகவரி கேட்க வந்தவர்கள். இதற்கு நடுவில், கார்த்திகை பிறந்த வாரத்தில், முறுக்கிய மீசையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக விருமாண்டி வந்து நின்றார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். செக்கானூரணிப் பக்கத்தில் நிலம் உழுகிற சம்சாரி வீட்டுக்காரர். பட்டாளத்தில் இருக்கும்போதே ஒத்தக்கடையில் பிரித்த மனைகளில் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார், வாங்கிய அன்றைக்குப் பார்த்ததோடு சரி. கூடவே அவர் மனைவி பாண்டியம்மாள். பட்டாளத்தில் இருந்தவர் அவரா, அந்த அம்மாளா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அப்படி ஒரு குரல்.

துளசிராமுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றே நாளில் பிளானை முடித்து, நீலக் கோடு ஓடும் அமோனியா பிரிண்ட் எடுத்து, வாசனை அடங்குவதற்குள் விரித்துக் காட்டினான். ஹால் இது, படுக்கையறை இது, அடுக்களை இது. விருமாண்டி ஒவ்வொன்றுக்கும் "நல்லாயிருக்கு தம்பி, நல்லாயிருக்கு" என்றார். பாண்டியம்மாள் தாளைக் கையில் வாங்கினாள். நீட்டிப் பிடித்தாள். கிட்டக் கொண்டு வந்தாள்.

"தம்பி, இதுல நான் எங்கிட்டு நிக்கிறேன்?"

"நீங்களா?"

"ஆமா. காலைல எந்திரிச்சு அடுப்பு பத்த வைக்கிறேன்னு வச்சுக்க. எங்க நிக்கிறேன்?"

துளசிராம் எட்டிப் பார்த்தான். அந்த அம்மாள் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. ஆனால் சிரித்தான்.

"அம்மா, பேப்பரைத் தலைகீழா புடிச்சிருக்கீங்க."

"எப்புடிப் புடிச்சாலும் கோடாத்தானப்பா இருக்கு. எம்புட்டு இருக்கு அடுப்படி? கட்டைவெரல் அகலம் இருக்கு. இதுக்குள்ள எப்புடிப் போய் நிக்கிறது?"

விருமாண்டி முறைத்தார், யாரை என்று தெரியவில்லை. துளசிராமுக்கோ சட்டென்று ஒன்று உறைத்தது. இந்த அம்மாள் மட்டும் இல்லை, விருமாண்டிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இதுவரை வந்து "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று தலையாட்டிவிட்டுப் போய் அப்புறம் எட்டிப் பார்க்காத அத்தனை பேருக்குமே ஒன்றும் விளங்கியிருக்காது. பிளான் பார்க்கத் தெரியாதவர்களிடம் போய்ப் பிளானைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்! அவன் ஒரு நடை வாசல் வரை போய் வந்தான். வரும்போதே சொல்லிவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை உங்க எடத்துக்கு வாங்க. தரையிலயே வரைஞ்சு காட்டுறேன். உள்ள போய் நின்னு பாருங்க."

ஞாயிறு விடியும்போதே ஒத்தக்கடை போய்விட்டான். கையில் மனைப்பிரிவு வரைபடம், அளவு நாடா, ஒரு கட்டு கயிறு, இரண்டு மூட்டை சுண்ணாம்புத் தூள். வரிசையில் ஒன்பது மனை. எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நெருஞ்சி முள், ஓரத்தில் ஒரே மாதிரி நட்டு வைத்த கல். வரைபடத்தைப் பார்த்து மூன்றாவது மனையைக் கண்டுபிடித்து, முள்ளைச் செதுக்கி, கயிறு பிடித்துக் கோடு போட ஆரம்பித்தான். பத்து மணிக்கு முப்பதடிக்கு ஐம்பதடியில் ஒரு முழு வீடு வெள்ளை வெளேரென்று தரையில் கிடந்தது. வாசல் விட்டிருந்தான், ஜன்னல் விட்டிருந்தான். அழகாகத்தான் இருந்தது. சொந்தக் கையால் செய்ததைப் பார்த்து மனுஷன் இரண்டு முறை சுற்றி வந்தான்.

இரண்டு பேர் வருவார்கள் என்று நினைத்தான். வந்தது ஒரு வேன். விருமாண்டி வீட்டில் ஒன்றைப் பார்க்கப் போவதென்றால் உறவு முறை இல்லாமல் போகிற வழக்கம் இல்லை என்பது பாவம் அவனுக்குத் தெரியாது. அக்காமார், பங்காளிகள், விருமாண்டியின் பெரியப்பா நல்லகாமன் என்று இருபத்து மூன்று பேர் இறங்கினார்கள். ஒரு தூக்கு வாளியில் பால், ஒரு பித்தளைப் பாத்திரம், டீத்தூள், சர்க்கரை. வந்த இடத்தில் டீ குடிக்க வேண்டாமா? போதாக்குறைக்கு, ஆட்டோவில் அலர்மேல்மங்கையும் வந்துவிட்டாள், அண்ணனைக் கூட்டிக்கொண்டு. "தரையில கோடு போட்டு வீடு காட்டுறாராம், வாண்ணே பாப்போம்" என்று அவள்தான் இழுத்து வந்திருக்கிறாள். ஸ்ரீனிவாஸ் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். தை பிறக்க இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

முதலில் எல்லோருக்கும் கூச்சம். பெரியவர் நல்லகாமன்தான் செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வாசல் வழியாக வலது காலை வைத்து உள்ளே போனார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அது கோடு இல்லை, வீடு. பங்காளி ஒருத்தர் குறுக்கே நடந்து வர, பெரியவர் அதட்டினார்.

"ஏப்பா காளை! செவுத்துக்குள்ள பூந்து வர்ற? நீ என்ன பேயா? வாச வழியா வாடா!"

காளை பதறிப்போய், போன வழியே திரும்பிப் போய், சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். விருமாண்டி படுக்கையறையில் போய்த் துண்டை விரித்து நீட்டிப் படுத்தார். அவர் அக்கா ஹாலில் இருந்துகொண்டு, "தம்பி தூங்குது, கதவச் சாத்துங்கடி" என்றாள். ஒருத்தி நிஜமாகவே கையால் கதவைச் சாத்துவது போலச் சாத்தினாள். அலர்மேல்மங்கை சிரித்த சிரிப்பில் வேன் டிரைவர் தூக்கம் கலைந்து இறங்கி வந்தார்.

துளசிராமுக்கு அன்றைக்கு நிற்க நேரமில்லை. இந்தப் பக்கம் கட்டில் போட்டால் கதவு திறக்காது என்றார்கள். காலால் கோட்டை அழித்து, கதவை அந்தப் பக்கம் வைத்தான். குளியலறையில் நின்றால் ஹாலில் இருப்பவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது என்றார்கள்; அழித்துத் திருப்பினான். பேப்பரில் ஒரு வாரம் ஆகிற திருத்தம் அரை மணியில் முடிந்தது. இடுப்பு வரை சுண்ணாம்பு. சந்தோஷத்தில் அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, யாருக்குக் கல்யாணம் என்று தெருவில் போனவர்கள் கேட்டிருப்பார்கள்.

பாண்டியம்மாள் அடுக்களையில் நின்றாள். அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று செங்கலை வைத்தாள். நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு விட்ட இடைவெளிக்கு நேர் எதிரே, வெயிலில் படுத்துக் கிடந்தது யானைமலை. தும்பிக்கை, தலை, முதுகு என்று முழு யானை. அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"தம்பி," என்றாள். "இப்ப தெரியுது. இங்கிட்டுத்தான் நிக்கிறேன்."

ஆறு மாதமாகச் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்புத் தூள் என்று துடைத்துக்கொண்டான்.

அந்த வேகத்தில் பாண்டியம்மாள் சுள்ளி பற்ற வைத்து, டீக்காகப் பாலை ஏற்றினாள். பேச்சு சுவாரசியத்தில் யாரும் கவனிக்கவில்லை. பால் பொங்கி வழிந்தது. பால் பொங்கி வழிவதைப் பார்த்ததும் விருமாண்டியின் அக்காவுக்கு, எத்தனையோ வீட்டில் செய்த பழக்கம், நாக்கு தானாகச் சுழன்றுவிட்டது. குலவை போட்டுவிட்டாள். ஒருத்தி போட்டால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து போட்ட குலவை யானைமலையில் மோதித் திரும்பியது.

அப்புறம்தான் எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லகாமன் எழுந்து நின்று துண்டைத் தோளில் போட்டார்.

"பால் பொங்கிருச்சு. குலவையும் போட்டாச்சு. அம்புட்டுத்தேன், குடி புகுந்தாச்சு. இனிமே இந்த எடத்துல ஒரு செவுத்தக்கூட யாரும் நகட்டக் கூடாது."

சரியாக அந்த நேரத்தில் ஒரு டி.வி.எஸ். ஐம்பது வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் சங்கிலி. மின்வாரியத்தில் வேலை. பின்னால் அவர் மனைவி நாகஜோதி, மேலூர்ப் பக்கம் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, தங்கள் மனையில் நட்ட நான்கு கல்லும் நட்ட இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். காலி மனை வாங்கிப் போட்ட பலரும் அந்தக் காலத்தில் அப்படித்தான் அலைந்தார்கள். அன்றைக்குக் கல் நான்கும் பத்திரமாக இருந்தது. நடுவில் இருபத்து மூன்று பேர் குடியிருந்தார்கள்.

"யாருய்யா நீங்கள்லாம்? எங்க எடத்துல என்னய்யா பண்றீங்க?"

"யாரு எடத்த யாரு எடம்ங்கிற?" என்று படுக்கையறையில் இருந்து விருமாண்டி எழுந்து வந்தார். கோபத்திலும் வாசல் வழியாகத்தான் வந்தார்.

பத்திரம் பேசினார்கள், கல் பேசினார்கள், ஒன்பது மனையையும் விரல் விட்டு எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் அத்தனை தலையும் ஒன்றாகத் துளசிராம் பக்கம் திரும்பியது. அவன் சட்டைப் பையில் இருந்து வரைபடத்தை எடுத்தான். பார்த்தான். மூன்றாவது மனைதான், சரியாகத்தானே இருக்கிறது? பாண்டியம்மாள் அடுக்களையில் இருந்து வந்தாள். அவன் கையில் இருந்த தாளை மெல்ல வாங்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபடியும் அவன் கையிலேயே கொடுத்தாள்.

"இப்புடிப் புடிக்கணும் தம்பி."

மேற்கிலிருந்து மூன்றாவது மனை விருமாண்டியுடையது. துளசிராம் வீடு போட்டு, பால் காய்ச்சி, குடியும் புக வைத்திருப்பது கிழக்கிலிருந்து மூன்றாவதில்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. சுண்ணாம்பு வேறு அப்பியிருந்ததால் சிலை மாதிரி நின்றான். இருபத்து மூன்று பேரும், ஒரு பட்டாளத்து மீசையும், மின்வாரியமும் சுற்றி நிற்க, ஸ்ரீனிவாஸ் பக்கத்தில் வந்து, வீட்டு மொழியில், காதோடு காதாகச் சொன்னார். நாளைக்குக் காலையில் கடை ஒன்பதரைக்குத் திறக்கும் என்றார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவர் அன்பாகச் சொன்னதுதான் துளசிராமுக்குத் தாங்கவில்லை. நாற்காலி வந்து காலுக்குப் பின்னால் நின்றுவிட்டதாகவே அவனுக்குத் தோன்றியது. அலர்மேல்மங்கைகூடச் சிரிக்கவில்லை.

ஆண்கள் எல்லாம் கத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நாகஜோதி டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றினார். வாசல் வழியாக உள்ளே போனார். ஹாலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். படுக்கையறையை எட்டிப் பார்த்தார்.

"வாம்மா, வா. வீட்டுக்கு வந்துட்டு நிக்கிற? ஒக்காரு, ஒரு வாய்ப் பாலு குடி" என்றாள் பாண்டியம்மாள்.

டீச்சர் தன் சொந்த மனையில் விருந்தாளியாக உட்கார்ந்து பால் குடித்தார்.

"மூணு வருசமா இந்த எடத்தப் பாத்துட்டுப் பாத்துட்டுப் போறோம்க்கா. இதுல ஒரு வீடு வரும்னு எனக்கு நம்பிக்கையே வந்ததில்ல. இன்னைக்குத்தான் வந்துருக்கு."

"எடம் நல்ல எடம்தான்மா. அந்த சன்னல்ல பாரு. நான் இதை விட்டு எங்கிட்டுப் போறது? பாலு வேற பொங்கிப்போச்சு."

"உங்க எடம் எங்க இருக்கு?"

"அந்தா, அந்தக் கடைசிக்கு. பஸ்ஸு நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல. அங்க நின்னா மலை தெரியாது, எதுத்தாப்புல மண்டபம் கட்டுறாய்ங்க."

"பஸ்ஸுக்குப் பக்கமா?" டீச்சர் நிமிர்ந்தார். "இங்க இருந்தா மேலூர் பஸ்ஸு வர்றது கண்ணுக்கே தெரியாது, தெனமும் ஓடித்தான் புடிக்கணுமேன்னுதான் வீடு கட்டத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன்!"

வெளியே ஆண்கள் சர்வே எண் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இரண்டு பெண்களும் டம்ளர் காலியாவதற்குள் மனையை மாற்றிக்கொண்டார்கள். ஒரே அளவு, ஒரே வரிசை. பத்திரத்தை ஆண்கள் அப்புறம் மாற்றி எழுதட்டும். நல்லகாமனுக்குப் பரம திருப்தி. பொங்கிய இடத்தை விட்டுப் போவதாவது!

"ஆனா ஒண்ணு," என்றார் டீச்சர், வாசல் வழியாக வெளியே வந்து துளசிராம் முன்னால் நின்று. "அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க புது எடத்துல எங்களுக்கும் இதே மாதிரி போட்டுக் குடுக்கணும். நாங்களும் ஒரு நாள் இருந்து பாக்கணும். பாக்காம எப்புடிக் கட்டுறது?"

துளசிராம் ஸ்ரீனிவாஸைப் பார்த்தான்.

"மச்சான், நாளைக்கு ஒம்பதரைக்கு வர முடியாது போலருக்கே. வேலை இருக்கு."

அப்போது அலர்மேல்மங்கை சிரித்தாள் பாருங்கள், மூன்றாவது வீடு என்ன, மூன்றாவது ஊருக்கே கேட்டிருக்கும்.

தை பிறந்தது. போர்டில் இரண்டாவது வரி ஏறியது: 'இடத்திலேயே கோடு போட்டு, ஒரு நாள் குடியிருந்து பார்க்கும் வசதி உண்டு.' ஒத்தக்கடை, திருப்பரங்குன்றம், அவனியாபுரம் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்காவது ஒரு பொட்டலில் ஒரு குடும்பம் கோட்டுக்குள் கட்டிச்சோற்றோடு உட்கார்ந்திருந்தது. பால் காய்ச்சுவதற்கு எல்லோருக்கும் ஆசை. காய்ச்சிவிட்டால் சுவரை நகர்த்த விட மாட்டார்கள். அதனால் மூன்றாவது வரியும் சிவப்பு எழுத்தில் ஏறியது: 'கோட்டுக்குள் பால் காய்ச்சக் கூடாது.' மனைப்பிரிவு வரைபடத்தில் மேல் பக்கம் எது என்று அலர்மேல்மங்கை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பெரிய அம்பு போட்டுக் கொடுத்த பிறகே அவனைப் பஸ் ஏற விட்டாள்.

அடுத்து, சுவர் இல்லாமல் வெட்கமாக இருக்கிறது என்றார்கள் புதுப்பெண்கள். துளசிராம் மூங்கில் நட்டு, குறுக்கே புடவை கட்டினான். புடவைக்கு எங்கே போவது? மச்சான் கடையில் சாயம் இறங்கிய சுங்குடி கட்டுக் கட்டாகக் கிடந்தது. "எதுக்கு மாப்ள இதெல்லாம்?" என்று அலுத்துக்கொண்டே கொடுத்த ஸ்ரீனிவாஸ், ஒரு ஞாயிறு பார்க்க வந்தார். ஒரு மாமியார் பூஜையறைச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்து, "இந்தச் செவுரு என்ன வெலை?" என்று கேட்டாள். அன்றிலிருந்து படுக்கையறைக்கு அரக்கு, ஹாலுக்குக் கிளிப்பச்சை என்று நல்ல சரக்காகவே அனுப்ப ஆரம்பித்தார். சாயங்காலம் வீட்டைக் கலைக்கும்போது பாதிச் சுவர் விற்றுப் போயிருக்கும். அப்படியும் அவர் கடையில் நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் துளசிராம் புதுத் துணி எடுக்கப் போகும்போது, மச்சான் அதன் மேல் இருக்கும் துண்டைத் தட்டிவிட்டு, "எப்ப மாப்ள வர்றீங்க?" என்பார். துளசிராம் சிரித்துக்கொண்டே வெளியே ஓடிவிடுவான். உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். இத்தனைக்குப் பிறகுமா இவருக்கு நம் மேல் நம்பிக்கை வரவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

தெர்மோகோலில் சின்ன வீடு செய்து கொடுத்தான். கொண்டுபோனவர்கள் அதைப் பூஜையறையில் வைத்து விளக்கேற்றினார்கள். ஒருத்தர் வீடு அப்படியே கருகிப்போனது. பிறகு அட்டைக்கு மாறினான். இரண்டாயிரத்து ஒன்றில் கம்ப்யூட்டர் வந்தது. அதன் முன்னால் உட்கார வேண்டுமே! மார்பு உயரப் பலகையிலேயே மானிட்டரைத் தூக்கி வைத்து நின்றுகொண்டே பார்த்தான். உட்கார்ந்து வேலை செய்யச் சொந்தத்தில் காவ்யஸ்ரீ என்ற பெண்ணை வைத்துக்கொண்டான். அவள் வீட்டைத் திரையில் எழுப்பி, கம்ப்யூட்டரோடு ரெடிமேடாக வந்த ஆட்களை உள்ளே நடமாட விட்டாள். பாண்டியம்மாள் தன் தங்கை வீட்டுக்குப் பிளான் போட வந்தவள் அதைப் பார்த்துவிட்டு அதிர்ந்தாள்.

"ஆத்தி! யாருடி இந்த வெள்ளைக்காரி? எந்தங்கச்சி அடுப்படில கைப்பையோட நிக்கிறா?"

அன்று முதல் வருகிறவர்களை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, அவர்களையே திரைக்குள் நடக்க விட்டார்கள். துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்ப சி.டி. போட்டுக் கொடுத்தார்கள். போர்டில் இடம் போதாமல் சைக்கிள் கடையின் மற்றப் பாதியையும் எடுத்தார்கள். ஆனால் என்ன காட்டினாலும் கடைசியில் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "கோடு என்னைக்குப் போடுறீங்க?"

இரண்டாயிரத்து ஏழில் ஒரு நாள் ஸ்ரீனிவாஸ் வில்லாபுரம் கடைக்குள் வந்தார். பையன் தலையெடுத்துவிட்டான், திருப்பரங்குன்றத்துப் பக்கம் ஒரு வீடு கட்ட வேண்டும் என்றார். காவ்யஸ்ரீ திரையில் சுற்றிக் காட்டினாள்.

"நல்லாயிருக்கு. நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு" என்றார் ஸ்ரீனிவாஸ்.

மூன்று 'நல்லாயிருக்கு' வந்ததும் துளசிராமுக்குப் புரிந்துவிட்டது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மனுஷர் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பதிமூன்று வருஷமாக இப்படி ஒரு நாளுக்குத்தான் துளசிராம் காத்திருந்தான் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை மெல்ல வாங்கி, திருப்பி, அவர் கையிலேயே கொடுத்தான்.

"ஞாயித்துக்கிழமை கோடு போட்டுருவோம் மச்சான்."

ஞாயிறன்று அவன் மனையை மூன்று தரம் சரிபார்த்தான். வீடு வெள்ளையாகத் தரையில் எழுந்து நின்றது. பத்து மணிக்கு ஒரு லோடு ஆட்டோ வந்தது. பாய், குடம், அடுப்பு எல்லாம் இறங்கிய பிறகு, கடைசியாக, தவிட்டு நிற ரெக்சின் போட்டது, கை வைத்தது, சுற்றுவது, அந்த நாற்காலி இறங்கியது. ஸ்ரீனிவாஸே தூக்கிக்கொண்டு வாசல் வழியாக வந்து ஹாலில் போட்டார்.

"உக்காருங்க மாப்ள."

"இது எதுக்கு மச்சான் இங்க? இன்னமுமா?"

"கடையை மகன்ட்ட குடுத்துட்டேன். எல்லாத்தையும் மாத்துறான். இதை மட்டும் குடுக்க மாட்டேன்னு கொண்டாந்துட்டேன்." துண்டை எடுத்து உட்காரும் இடத்தைத் துடைத்தார். ஒரு கிழிசல் இல்லை, ஒரு பள்ளம் இல்லை. "பதிமூணு வருசமா யாரையும் இதுல உக்கார விட்டதில்ல. உங்களைக் கேலி பண்ணத்தான் வச்சிருக்கேன்னு நெனச்சிருப்பீங்க. கேலியும்தான். ஆனா மாப்ள, ஆகாசத்துல வீடு கட்டுற மாதிரி ஒரு தொழில். என்னைக்காவது நீங்க தடுக்கி விழுந்தா, எந்தங்கச்சி குடும்பத்துக்கு வந்து உக்கார ஒரு எடம் இருக்கணும்ல? அந்த எடத்த யாருக்கும் குடுக்க எனக்கு மனசு வரல."

துளசிராம் நாற்காலியைப் பார்த்தான். இத்தனை வருஷம் எதற்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தானோ, அது பாவம் அவனைத் தாங்கிக்கொள்ளத்தான் அங்கேயே நின்றிருக்கிறது. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தாற்போல் வந்தது. சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மெதுவாக, அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

அடுக்களையில் அலர்மேல்மங்கையும் அவள் அண்ணியும் காபிக்குப் பால் ஏற்றியிருந்தார்கள். பால் காய்ச்சக் கூடாது என்ற போர்டின் மூன்றாவது வரி இருவருக்கும் மனப்பாடம். பால் விளிம்புக்கு வந்தது. அலர்மேல்மங்கை திரும்பி, நாற்காலியில் இருந்த கணவனைப் பார்த்தாள். வழக்கமாக இந்நேரம் கத்திக்கொண்டே ஓடி வருவான்.

பால் பொங்கி வழிந்தது. துளசிராம் எழுந்திருக்கவில்லை.